காதின் சூடு

"அசையாம இருங்க ஐயா" என்று பல்கீஸ் சொன்னதும் சுயம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. முகத்தில் வரவில்லை. முகத்தில் எதுவும் வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. உள்ளே, நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில், முன்பெல்லாம் சிரிப்பு கிளம்புகிற இடத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது. வலது கைச் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு தசையாகப் பிடுங்கிக்கொண்டு போன நோய் ஆறு வருஷமாகப் பாடுபட்டுச் செய்து முடித்த வேலையை இந்தப் பெண் இப்போது புதிதாகச் செய்யச் சொல்கிறாள். அடுத்த நொடியே "ச்ச" என்று அவள் தன்னையே கடிந்துகொள்வது கேட்டது. "மன்னிச்சிருங்க ஐயா, எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு." தலைமாட்டிலிருந்து தங்கபுஷ்பம் சிரித்தாள். "அதுக்கென்னம்மா. அவிய உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாவ." சிரித்ததை அவள் எப்படிக் கண்டாள்? மூச்சு மெஷின் அதே கணக்கில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இமை மூடியபடிதான் கிடந்தது, உதடு எப்போதும்போல் பிளந்து உலர்ந்திருந்தது. ஆனாலும் கண்டுவிட்டாள். அதைவிடப் பெரிய விஷயம், அவள் சிரித்தாள். ஐந்து வாரமாக இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய சிரிப்பு கொஞ்சம் கரகரப்பாக, வெகுநாள் திறக்காத அலமாரிக் கதவு மாதிரி வந்தது. வந்தவரைக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் நினைக்காமல் இருக்க வேண்டும் என்று பல்கீஸ் சொல்லியிருந்தாள். ஒன்றும் நினைக்காமல் இருப்பது எப்படி என்று அவள் சொல்லித் தரவில்லை. அவள் தலையில் மாட்டிவிட்ட புதுத் தொப்பி பழையதைவிட இறுக்கமாக இருந்தது. நெற்றியில் குண்டூசித் தலைகளைப் பதித்ததுபோல் சிறு சிறு அழுத்தங்கள். சில ஒன்றுக்கொன்று அரிசி நீள இடைவெளியில் நெருக்கமாக, சில இரண்டு விரல் அகலம் தள்ளி. எண்ணிப் பார்த்தார். பதினாறு. எண்ணக்கூடாது, எண்ணுவதும் நினைப்புதான். இடது புருவத்துக்கு மேலே ஓர் அழுத்தத்தின் ஓரத்தில் அரிக்கத் தொடங்கியது. அரிப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கை உள்ளவர்களுக்குத் தெரியாது. போன சித்திரையில் ஒரு மத்தியானம் முழுக்க வலது காலின் கட்டைவிரலில் ஓர் ஈ உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, அவர் அந்த ஈக்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டார். தோல் மட்டும் சாகவில்லை. தசை போயிற்று, குரல் போயிற்று, கழுத்தில் குழாய் வைத்த பிறகு மூக்கு வழியே காற்றுப் போகாததால் வாசனையும் போயிற்று, அடுப்பில் கருவாடு பொரிகிற சத்தம் கேட்கும், மணம் வராது, சத்தத்தைக் கேட்டு மணத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும். தோல் மட்டும் கூடவே இருந்தது. காலையில் அவள் வெந்நீரில் பிழிந்த துண்டால் முகம் துடைக்கும்போது, முதலில் நெற்றி, பிறகு கன்னம், பிறகு காது மடலின் பின்னால் இரண்டு விரலால் ஒரு சுற்று, அந்தச் சுற்றுக்காகவே விடியலாம் என்று தோன்றும். அரிப்பு நகர்ந்து புருவத்துக்குள் இறங்கியது. போகட்டும். அரிப்பு இருக்கிறதென்றால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். ஆள் இருக்கிறான் என்பதைத்தானே இந்த ஐந்து வாரமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தவித்தது. தவிப்பு என்று நினைத்ததும் அது வந்துவிட்டது, படியேறி வருகிற ஆள்போல. வராதே. ஒன்றும் நினைக்காதே. மாடியில் யாரோ வாளியை இழுத்தார்கள். வெளியே உப்பு லாரி ஒன்று கியர் மாற்றித் திரும்பியது. முழுச் சுமை, சத்தத்திலேயே தெரிகிறது, இருபத்தெட்டு டன்னுக்குக் குறையாது.

கண்தான் கடைசியாகப் போனது. கண் இருந்தவரைக்கும் எழுத்துப் பலகை இருந்தது. அவள் ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் போவாள், வேண்டிய இடத்தில் அவர் இமைப்பார், ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம். பிறகு இமை தளர்ந்தது. பிறகு கண்மணி தளர்ந்தது. ஒருநாள் அவள் இமையை விரலால் தூக்கிப் பிடித்து, "ஏங்க, மேல பாருங்க, ஒரே ஒரு தரம் மேல பாருங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மேலே பார்க்கிற வேலையை முழுதாகச் செய்துகொண்டிருந்தார். கண் போகவில்லை. நான்கு மாதம் அப்படிப் போனது. அப்போதுதான் நரம்பு டாக்டர் சொல்லி, சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற காயல்பட்டினத்துப் பெண் பல்கீஸ் தன் பேராசிரியரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தொப்பியிலிருந்து ஒளி தலைக்குள் போகும், ரத்தம் எங்கே கூடுகிறது என்று பார்த்துத் திரும்பி வரும், கூடினால் திரையில் ஒரு கோடு ஏறும். பதில் ஆமாம் என்றால் மனதுக்குள் கழித்தல் கணக்குப் போட வேண்டும், மூளையின் முன்பக்கம் வேலை செய்து ரத்தத்தை இழுக்கும். இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். கழித்தல் கணக்கு! துறைமுகத்துச் சாலையில் லாரி நிறுக்கிற எடைமேடையில் இருபத்தாறு வருஷம் வேறென்ன செய்தார்? உங்க பேர் சுயம்புலிங்கமா என்று கேட்டார்கள். போட்டார். கோடு ஏறியது. உங்க ஊர் மதுரையா என்று கேட்டார்கள். சும்மா இருந்தார். கோடு படுத்தது. தங்கபுஷ்பம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது கேட்டது. அவர் அண்ணன் லிங்கதுரை சுவரில் சாய்ந்து, "எந்தம்பி இருக்கான், எந்தம்பி உள்ள இருக்கான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த அண்ணன்தான் மறுநாள் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்லக்கூடாது. ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, தம்பியின் கால் நகத்தை வெட்டிவிட்டுப் போகிற ஆள். நோயின் முதல் வருஷத்தில் பேச்சு குழறத் தொடங்கியபோது, "எனக்குக் குழாயெல்லாம் வேண்டாம்ணே, விட்டுரு" என்று அவரிடம் கையைப் பிடித்துச் சொன்னவன் இதே சுயம்புலிங்கம்தான். பிறகு ஓர் அதிகாலையில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து "மெஷின் வைக்கட்டுமா" என்று கேட்டபோது, படபடவென்று ஏழெட்டுத் தரம் இமைத்தவனும் அதே சுயம்புலிங்கம். அண்ணன் அந்த முதல் சுயம்புலிங்கத்துக்குக் கொடுத்த வாக்கைச் சுமந்துகொண்டு திரிந்தார். "அவன் வேதனைப்படுதானா என்னன்னு நமக்குத் தெரியாதும்மா. கேட்டுருவோம். அவனே சொல்லட்டும்." பேராசிரியர் தயங்கித்தான் கேட்டார், "ஐயா, இந்த மூச்சு மெஷினை நிறுத்திவிட வேண்டும் என்று விரும்புகிறீர்களா?" அந்தச் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் உடம்பு முழுக்கத் தீ. இல்லை. இல்லை. சும்மா இருக்க வேண்டும், இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும், சும்மா இரு, கணக்குப் போடாதே, எந்த எண்ணையும் நினைக்காதே, இருந்தார், வெறும் சுவர்போல் இருந்தார், ஆனால் கன்னப்பொறி அடித்தது, நெற்றித் தோல் காய்ந்தது, காதுக்குள் கடல் இரைந்தது. ஐந்து தரம் கேட்டார்கள். நான்கு தரம் கோடு ஏறியது. "ஆமாம் என்கிறார்" என்று பல்கீஸ் சொன்னாள். அந்தக் குரல், பரீட்சையில் தோற்றுப்போன பிள்ளையின் பெயரை வாசிக்கிற குரல்.

மெஷின்கூடத் தள்ளி நின்று மூச்சு விடுவதுபோல் இருந்தது. பிறகு தங்கபுஷ்பத்தின் குரல். அழுகையே இல்லாத குரல். "அவிய காது சுட்டுதே."

"என்னம்மா?" என்றார் பேராசிரியர்.

"நான் காதைத் தொட்டுக்கிட்டுத்தான் நின்னேன். நீங்க அதைக் கேக்க முன்ன ஜில்லுன்னு இருந்துச்சு. கேட்டதும் சுட்டுது. அவியளுக்குக் கோவம் வந்தாத்தான் காது சுடும். ஆமான்னு சொல்லுத மனுசனுக்கு எதுக்குக் கோவம் வருது?"

அண்ணன் மெதுவாகச் சொன்னார், "புஷ்பம், ஒன் ஆசைக்கு அவனைக் கட்டிப்போடாத."

"அத்தான், முப்பது வருசமா அந்தக் காதைப் பாக்கேன்" என்றாள் அவள். அவ்வளவுதான். வேறு வாதமில்லை.

உண்மைதான். லாரிக்காரன் உப்பு மூட்டைமேல் தண்ணீரை ஊற்றி எடை கூட்டிக்கொண்டு வந்து நிற்பான், சுயம்புலிங்கம் ஒரு வார்த்தை பேசமாட்டார், சீட்டை எழுதாமல் பேனாவை மூடுவார், கூட வேலை பார்ப்பவர்கள், "அண்ணாச்சி காதைத் தொட்டுப் பாருங்கல, பீடி பத்தவைக்கலாம்" என்பார்கள். கறுத்த காது, சிவப்பது வெளியே தெரியாது. தொட்டால்தான் தெரியும். தொட்டவள் ஒருத்திதான். அந்த ஒருத்தி அந்த நேரத்தில் அங்கே நின்றாள், கையை அங்கே வைத்திருந்தாள். வேறெங்காவது வைத்திருந்தால்? காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்? அடுக்களையில் பால் பொங்குகிறதென்று போயிருந்தால்? இந்த இடத்தில் நினைப்பு எப்போதும் சிக்கிக்கொள்ளும், முள்ளில் மாட்டின வேட்டிபோல். காலைப் பிடித்திருந்தால் அண்ணன் அன்றே டாக்டரிடம் போயிருப்பார். போனார்தான். அதற்கென்று முறை இருக்கிறது, இரண்டு குழு பார்க்க வேண்டும், மனைவி கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவள் போடவில்லை. போடாமல் ஐந்து வாரம் இந்தக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவளுக்கும் உறுதி தேய்ந்துகொண்டு வந்தது. ஒரு மத்தியானம் காதோரம் குனிந்து, "ஏங்க, நெசமாவே போவணும்னா போங்க. நான் பிடிச்சி வைக்கல. எனக்காவ இருக்க வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், நெஞ்சு மட்டும் கட்டில் சட்டத்தில் இடித்து இடித்து. எனக்காக இருக்க வேண்டாம். ஏய், எனக்காகத்தான் இருக்கிறேன், எனக்காக. அந்தத் துண்டின் சூட்டுக்காக, நீ பேப்பர் வாசிக்கும்போது பெரிய பெயர் வந்தால் "என்னமோ ஒரு ஊர்" என்று தாண்டிப் போவாயே அதற்காக, லாரியின் சுமையை எழுந்து பாராமலே சொல்ல முடிகிறதே அதற்காக. சொல்ல ஆசைப்பட்டார். தலைக்குள் சொன்னார். மண்டையோடு ஒரு வார்த்தையையும் வெளியே விடவில்லை.

அப்புறம்தான் அந்த இன்னொரு பயம். எல்லாவற்றையும்விட மோசமான பயம். நான்கு நாள் ஐந்து நாள் எல்லாரும் உன்னை ஆமாம் சொன்னவனாகவே பார்த்தால், ஆமாம் சொன்னவனுக்குச் செய்கிற மாதிரி தலையைத் தடவினால், நீயே யோசிக்கத் தொடங்குவாய். மெஷினுக்கு என்ன பகை? அது பொய் சொல்ல என்ன இருக்கிறது? ஒருவேளை எனக்கே தெரியாத ஆமாம் ஒன்று உள்ளே எங்கோ இருக்கிறதா? அண்ணன் கையைப் பிடித்துச் சொன்ன முதல் சுயம்புலிங்கம் சாகாமல் அடியில் உட்கார்ந்துகொண்டு, நான் இல்லை இல்லை என்று கத்தும்போது அவன் கீழிருந்து ஆமாம் என்று கணக்குப் போடுகிறானா? இரவும் பகலும் தனக்குள் இறங்கி இறங்கித் தேடினார், கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுவதுபோல். சில நாள் ஏதோ தட்டுப்படும். அலுப்பு தட்டுப்படும். முதுகின் எரிச்சல் தட்டுப்படும். இவளுக்குப் பாரமாகிவிட்டேனே என்பது தட்டுப்படும், அது கனமாகவே இருக்கும். ஆனால் அந்த ஆமாம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது, செக்கு மாதிரி, மூன்று வாரம்.

"ரெஸ்ட் முடிஞ்சுது ஐயா. நல்லா இருந்தீங்க" என்றாள் பல்கீஸ். நன்றாக இருந்தேனா! செக்குச் சுற்றியதெல்லாம் அவளுக்கு நல்லதாகத் தெரிந்திருக்கிறது. சரி, தெரியட்டும்.

அந்தக் கேள்விக்குப் பிறகு மூன்றாவது வாரம் பல்கீஸ் போன் செய்திருந்தாள். தங்கபுஷ்பம் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் மார்பின்மேல் வைத்தாள், அவருக்கும் தெரிய வேண்டும் என்று. அதையும் யார் செய்வார்கள்? எல்லாரும் வெளியே போய்த்தான் பேசினார்கள். போனுக்குள் பல்கீஸின் குரல் தடுமாறியது. "அம்மா, காது சுட்டுச்சுன்னு சொன்னீங்கள்ல, அது என்னைத் தூங்கவிடல. நானே அந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டேன். என் கட்டுரையை ஒரு தடவை கிழிகிழின்னு கிழிச்சு ஒருத்தர் கடிதம் எழுதியிருந்தார். அதைச் சத்தமா வாசின்னு கூட்டாளிட்ட குடுத்துட்டுச் சும்மா உக்காந்தேன். ஒரு கணக்கும் போடல. கோடு ஏறிடுச்சும்மா. கணக்குப் போட்டா எப்படி ஏறுமோ அப்படியே." பிறகு அவள் விளக்கினாள். ஒளி மண்டைக்குள் போக வேண்டுமென்றால் முதலில் தோலைத் தாண்டித்தான் போக வேண்டும், திரும்பி வரும்போதும் தோல் வழியாகத்தான். தோலிலும் ரத்தம் ஓடுகிறது. கோபம், பயம், வெட்கம், எது வந்தாலும் அங்கே குப்பென்று ஏறும். தொப்பிக்கு இரண்டும் ஒன்றுதான், எது தோல் எது மூளை என்று பிரிக்கத் தெரியாது. "நாங்க பிரிச்சுப் பாத்திருக்கணும். அதுக்கு வழி இருக்கு. பக்கத்துல பக்கத்துல ஒரு சோடி வெச்சா, ஒளி தோலோட திரும்பிரும். தள்ளி வெச்ச சோடி தோலையும் மூளையையும் சேத்துப் பாக்கும். அதுலருந்து இதைக் கழிச்சா மீதி மூளை. நான் அதைச் செய்யாம ஆமான்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்கம்மா. ஐயாட்டயும் சொல்லுங்க."

மார்பின்மேல் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. எடைமேடையில் சுமையோடு நிற்கிற லாரியை நிறுத்துவிட்டு அத்தனையும் உப்பு என்று சீட்டு எழுதினால் எப்படியிருக்கும்! வெறும் வண்டியையும் நிறுத்துக் கழித்தால்தானே சரக்கு. இருபத்தாறு வருஷம் செய்த வேலை, இதைத் தலைமேல் வைத்துச் செய்ய மறந்துவிட்டார்கள். அந்த மூன்று வாரச் செக்கு அன்று நின்றது. அடியில் எந்த இரண்டாவது சுயம்புலிங்கமும் இல்லை. தோல்தான். பயந்து, கோபித்து, இல்லை இல்லை என்று ரத்தத்தை அள்ளிக்கொண்டு நெற்றிக்கு ஓடிவந்த தோல். அது அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே பாஷையில் அவர் பக்கம் நின்று கத்தியிருக்கிறது, தொப்பிதான் தலைகீழாகக் கேட்டிருக்கிறது. தோலின்மேல் அவருக்கு அன்று உண்டான பாசத்தை யாரிடம் சொல்வது? அதைவிட, தன் தப்பைத் தானே தோண்டியெடுத்துத் தொலைபேசியில் ஒப்பித்த அந்தப் பெண்மேல். ஒரு கிழவனின் பெண்சாதி, காது சுட்டது என்று சொன்னாள், அவ்வளவுதான். படித்தவர்கள் எத்தனை பேர் அதைக் காதில் வாங்குவார்கள்?

இப்போது அட்டைகள். எட்டு அட்டை. நான்கில் ஒரு கேள்வி, நான்கில் அதையே திருப்பிப்போட்ட கேள்வி. நிறுத்தணுமா, ஓடணுமா. இந்தத் திருப்பலும் பல்கீஸின் யோசனை, "இல்லைங்கறது சும்மா இருக்கறதா இருந்தா, சும்மா இருக்கறவங்களுக்கும் இல்லைங்கறவங்களுக்கும் வித்தியாசம் தெரியாதும்மா. ஐயாவுக்கு வாய்திறந்து ஆமான்னு சொல்ல ஒரு வாய்ப்பு வேணும்." வாய்திறந்து என்றாள். தங்கபுஷ்பம் அட்டைகளைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்தாள், அவளே படிக்க வேண்டும், பல்கீஸ் காதில் ஏதோ பாட்டை மாட்டிக்கொண்டு திரையை மட்டும் பார்ப்பாள், எந்தக் கேள்வி என்று அவளுக்குத் தெரியாமல். நியாயமான ஏற்பாடு. ஆனால் புஷ்பத்தின் குரலில் அதைக் கேட்க வேண்டுமே. அதை நினைத்ததுமே கன்னப்பொறி துடிக்கத் தொடங்கியது. தொடங்கிவிட்டதா, இப்போதேவா? இந்தத் தொப்பியும் ஏமாந்தால்? கழித்தும் மிச்சம் இருந்தால்? முடிந்தது, அப்படியென்றால் இனி யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள், அவள் கையெழுத்தைப் போட்டுவிடுவாள், அன்பாகத்தான் போடுவாள்.

"ஏங்க" என்றாள் தங்கபுஷ்பம். முதல் அட்டை. "இந்த மெஷின் இன்னும் ஓடணுமா?"

இருபத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. வெறும் வண்டி ஒன்பதாயிரத்து எண்ணூற்று எழுபது. கடன் வாங்கு, நாலிலிருந்து ஏழு போகாது, பதினாலிலிருந்து ஏழு, ஏழு. பதினைந்திலிருந்து எட்டு, ஏழு. பதினேழிலிருந்து ஒன்பது, எட்டு. ஒன்று. பதினெட்டாயிரத்து எழுநூற்று எழுபது. அடுத்த வண்டி. வா, அடுத்த வண்டி. வரிசையாக நில்லுங்கள், எல்லாருக்கும் சீட்டு உண்டு. "போதும், ஓய்வு" என்றாள் பல்கீஸ். நெற்றி காய்ந்தது. காயட்டும். இன்றைக்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் காயலாம், உன்னைத்தான் தனியே நிறுக்கிறார்கள். இரண்டாவது அட்டை. "மெஷினை நிறுத்திரணுமா?" குரல் கடைசி எழுத்தில் உடைந்தது. சும்மா. சும்மா இரு. சுண்ணாம்பு அடித்த சுவர், பங்குனி வெயில், யாருமில்லாத எடைமேடை, மேடைமேல் ஒன்றுமில்லை, முள் பூஜ்யத்தில். ஆனால் அவள் அழுகிறாள், அவள் அழுதுகொண்டே படிக்கிறாள், இல்லை புஷ்பம், இல்லை, ஒன்பதாயிரத்து, ஐயோ, எண் வருகிறது, எண்ணை நிறுத்து, அது பழக்கத்தில் வருகிறது, ஒன்பதாயிரத்து எண்ணூற்று, வண்டியை வெளியே எடு, எடு. பூஜ்யம். பூஜ்யம். கெடுத்துவிட்டேனா? இன்னும் ஆறு இருக்கிறது. மூன்றாவது. நான்காவது. அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது, கடைக்குப் போகும்போது என்ன வாங்கணும் என்று கேட்கிற குரலுக்கு வந்துவிட்டது, அதற்காகவும் அவளுக்கு ஒரு கும்பிடு. ஓடணுமா என்றபோதெல்லாம் லாரி லாரியாக வந்தன. நிறுத்தணுமா என்றபோதெல்லாம் வெயில், வெறும் மேடை. எட்டாவது அட்டை முடிந்தது.

பல்கீஸ் காதிலிருந்து மாட்டியதைக் கழற்றும் சத்தம். சாவிப் பலகையில் தட்டும் சத்தம். இது நெடுநேரம் நீடித்தது. வெளியே குழாய்த் தண்ணீர் வந்து குடங்கள் இடித்துக்கொண்டன. தங்கபுஷ்பத்தின் விரல்கள் அவர் காதில் இருந்தன, இருந்ததே இப்போதுதான் உறைத்தது.

"அம்மா, அட்டைய அதே வரிசைல வெச்சிருக்கீங்கள்ல? படிங்க."

"ஓடணும்."

"ஆமாம்."

"நிறுத்தணும்."

"இது தெளிவா இல்லம்மா. அடுத்தது?"

சுயம்புலிங்கத்துக்கு அது ஏன் என்று தெரியும். சொல்ல வழியில்லை, பரவாயில்லை.

"ஓடணும்."

"ஆமாம்."

"நிறுத்தணும்."

"இல்ல."

அப்படியே எட்டும். ஓடணும் என்பதற்கு நான்கும் ஆமாம். நிறுத்தணும் என்பதில் ஒன்று தெளிவில்லை, மூன்று இல்லை. பல்கீஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள். "இந்தா பாருங்கம்மா, இது தோல். எட்டுக்கும் ஏறியிருக்கு, ஒண்ணு விடாம. பழைய தொப்பியா இருந்தா எட்டுக்கும் ஆமாம்னு சொல்லியிருப்பேன். இது உள்ள. நாலுக்குத்தான் எந்திரிச்சிருக்கு." அவள் குரலும் இப்போது சரியில்லை. "ஒரு நாள் போதாதும்மா. நாளைக்கும் அடுத்த வாரமும் இதையே பண்ணுவோம். ஒரு தடவை அவசரப்பட்டுட்டேன். ஆனா..."

"நாஞ் சொன்னேம்லா" என்றாள் தங்கபுஷ்பம். சத்தமில்லாமல் சொன்னாள். பிறகு இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக. பிறகு அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் மார்பின்மேல் வைத்தாள். "அத்தான், அவிய இருக்கணும்ங்காவ." மறுமுனையில் கடைத்தெரு இரைச்சல். லிங்கதுரை, "ஏல தம்பி" என்றார். "நான் ஒன்னைய... ஏல, ஞாயித்துக்கிழம வாரேன். நகம் வளந்திருக்கும்." வைத்துவிட்டார். அண்ணே, நீ கேட்டதில் தப்பில்லை. முதலில் உன்னிடம் அப்படிச் சொன்னது நான்தான். சொன்ன சொல்லை இத்தனை வருஷம் மறக்காமல் வைத்திருந்தாயே, அது போதும். இதையெல்லாம் யாராவது ஒரு கேள்வியாகக் கேட்டால் நன்றாயிருக்கும். அண்ணன்மேல் வருத்தமா? சும்மா இருந்துவிடலாம். பல்கீஸுக்கு நன்றி சொல்லணுமா? லாரி லாரியாக விடலாம். யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத கேள்விகளுக்கான பதில்கள்தான் அவரிடம் நிறைய இருந்தன, நெஞ்சு முட்ட இருந்தன. இருந்தாலும் அவை பதில்கள், இனிமேல் ஒருநாள் கேட்கப்படலாம்.

"தொப்பியைக் கழட்டிடவா ஐயா? அம்மா, வேற எதாச்சும் கேக்கணுமா? இன்னொரு அஞ்சு நிமிஷம் ஓடும்" என்றாள் பல்கீஸ்.

தங்கபுஷ்பம் யோசித்தாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்தாள். அவள் தலை மெத்தையின் ஓரத்தில், அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து படிந்தது. கூந்தலின் பாரம் தோலில் தெரிந்தது.

"ஏங்க," என்றாள், "நான் செத்த நேரம் தூங்கிக்கிடட்டா?"

காலை பதினொரு மணி. ஐந்து வாரமாக இந்த மெஷினின் மூச்சை எண்ணிக்கொண்டே கிடந்தவள். முப்பத்திரண்டாயிரத்து இருநூறு. வெறும் வண்டி பத்தாயிரத்து நானூற்று அறுபது. தூங்கு. பத்திலிருந்து ஆறு, நாலு. பதினொன்றிலிருந்து நாலு, ஏழு. நன்றாகத் தூங்கு. அடுத்த வண்டி.

"ஆமாம்ங்கறாங்கம்மா" என்று பல்கீஸ் சொன்னாள். சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தவள், சிரித்துக்கொண்டு, எழுந்து போய் சன்னல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பதிலுக்குக் காத்திராமலே தங்கபுஷ்பம் தூங்கிப்போயிருந்தாள். மெல்லிய குறட்டை, கொஞ்சம் விட்டு விட்டு. அது மெஷினின் மூச்சோடு சேராமல் தன்பாட்டுக்கு ஏறி இறங்குவதைச் சுயம்புலிங்கம் கேட்டுக்கொண்டே கிடந்தார்.